படைப்பவர் உரிமையும் படிப்பவர் உரிமையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், நம் கல்லூரியின் பழைய மாணவரான வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வக்கீலை மேடையில் ஏற்றினால் ஒரு சங்கடம் உண்டு. கோர்ட்டில் நீதிபதி "போதும், உட்காருங்க" என்பார். இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை. ஆகவே சங்கச் செயலாளர் முதலிலேயே "அரை மணி நேரம்தான் சார்" என்று சொல்லிவிட்டார். அந்த வாய்தாவுக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பதிப்புரிமை. காப்பிரைட் என்று பேச்சில் சொல்கிறோமே, அதுதான். "இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது? நாங்கள் என்ன எழுத்தாளர்களா?" என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. இன்று காலையிலிருந்து இந்த வளாகத்தில் எத்தனை செல்போனில் எத்தனை படம் எடுத்திருப்பீர்கள்? அத்தனைக்கும் பதிப்புரிமை உண்டு. நம் சங்க மலரில் கவிதை எழுதியவருக்கு உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற நம் பழைய மாணவர்கள் எழுதும் புரோகிராமுக்கும் உண்டு. சட்டத்தின் கண்ணில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புதான்! தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் மன்னிக்கவும், நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது.

நம் நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இது பாதுகாப்பது எண்ணத்தை அல்ல, எண்ணத்துக்கு நீங்கள் கொடுக்கும் வடிவத்தை. இதைப் புரிந்துகொள்ளாமல் வக்கீல் ஆபீஸ் படியேறுகிறவர்கள் அதிகம். "சார், ஏழைப் பையன் பணக்காரப் பெண்ணைக் காதலிக்கிற கதையை நான்தான் முதலில் யோசித்தேன், திருடிட்டாங்க" என்பார்கள். அந்தக் கதை யாருக்கும் சொந்தமில்லை ஐயா. அதை எந்தக் காட்சிகளாக, எந்த வசனத்தில், எந்த வரிசையில் சொன்னீர்கள் என்பதுதான் உங்களுடையது.

இதில் வழிகாட்டியாக நிற்பது ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. அவர் எழுதிய நாடகம் 'ஹம் ஹிந்துஸ்தானி'. 1956-ல் 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் வந்தது. இரண்டிலும் மாகாண வெறிதான் கரு. என் நாடகத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று ஆனந்த் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், 1978-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. கருவுக்கு உரிமை இல்லை, வடிவம் வேறாக இருக்கிறது என்று சொல்லி அவர் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். படம் வந்தது 1956. தீர்ப்பு 1978. இருபத்திரண்டு ஆண்டு! படம் வெளிவந்த வருஷம் பிறந்த குழந்தை தீர்ப்பு வரும்போது கல்லூரியை முடித்திருக்கும். தம்பிகளே, கோர்ட்டுக்குப் போகிற உரிமை எல்லோருக்கும் உண்டு. போவதற்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

சட்டத்தைச் செய்வது அரசியல். பதிப்புரிமையிலும் அரசியல் உண்டா என்றால், நிறைய உண்டு. இரண்டு மகாகவிகளின் கதையைச் சொல்கிறேன்.

பாரதியார் 1921-ல் மறைந்தார். வாழ்ந்தபோது அவர் எழுத்தால் அவர் வீட்டு அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. மறைந்த பிறகு அவருடைய பாட்டுக்கு மதிப்பு ஏறியது. பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்திருந்தது. 1948-ல் டி.கே. சண்முகம் குழுவினரின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற, அது உரிமைத் தகராறு ஆயிற்று. தேசத்துக்குப் பாடிய கவிஞனின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ற கேள்வி ஊரெல்லாம் எழுந்தது. எழுத்தாளர்கள் குரல் கொடுத்தார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்த சென்னை மாகாண அரசு அந்த உரிமையை வாங்கியது. செட்டியாரும் தம்மிடம் இருந்ததைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பிறகு பாரதி எல்லோருக்கும் பொதுவானார். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சிடலாம், பாடலாம். பத்து ரூபாய்க்கும் பதிப்பு போடலாம், ஆயிரம் ரூபாய்க்கும் போடலாம்.

அடுத்தது தாகூர். 1941-ல் மறைந்தார். அன்றைய சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுவரை உரிமை. ஆகவே 1991 டிசம்பர் 31-ஆம் தேதியோடு தாகூரின் எழுத்து பொதுவாகியிருக்க வேண்டும். உரிமை வைத்திருந்தது அவர் நிறுவிய விசுவபாரதி. அது போய்விடக் கூடாதே என்று கோரிக்கை எழுந்தது. 1991 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. 1992-ல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. ஐம்பது அறுபதாயிற்று. தாகூருக்கு மட்டுமா? இந்தியாவில் உள்ள எல்லா எழுத்தாளர்களுக்கும்! ஒரு கவிஞருக்காகப் போட்ட பத்து ஆண்டு, எல்லா நூலுக்கும் எல்லா வாசகனுக்கும் பத்து ஆண்டுப் பூட்டாக ஆனது.

ஒரு அரசு கவிஞனைப் பொதுவாக்கிப் பெருமை தேடியது, இன்னொரு அரசு கவிஞனைப் பாதுகாத்துப் பெருமை தேடியது. இரண்டும் மரியாதைதான். நான் எந்தப் பக்கம் என்றால், பாரதி பக்கம். ஆனால் ஒரு நிபந்தனையோடு. நாட்டுடைமை ஆக்கும்போது வாரிசுகளின் சம்மதம் வேண்டும், உரிய தொகையும் வேண்டும். 2009-ல் தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்குவதாக அறிவித்தபோது, சுந்தர ராமசாமி, கண்ணதாசன் குடும்பத்தினர் வேண்டாம் என்று சொன்னார்கள். அது அவர்கள் உரிமை. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் ஒருவர் சொத்தை அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

இப்போது மாணவர்கள் எதிர்பார்க்கிற இடத்துக்கு வருகிறேன். ஜெராக்ஸ் கடை!

பரீட்சைக்கு முந்தின வாரம் நம் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் நிற்கும் வரிசை எனக்குத் தெரியும். அது சட்டப்படி சரியா, தப்பா? இந்தக் கேள்வி ஒரு கடைக்காரரை டில்லி உயர் நீதிமன்றத்தில் நிறுத்தியது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ் என்ற சிறு கடை. பாடத்திட்டத்தில் பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த பல நூல்களின் சில சில அத்தியாயங்களை நகல் எடுத்து, கட்டி, மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். 2012-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற மூன்று பெரும் பதிப்பகங்கள் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. இடைக்காலத் தடையும் வந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் புத்தகங்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. ஒரு அத்தியாயத்துக்காக மாணவன் எல்லாவற்றையும் வாங்க முடியுமா? நூலகத்தில் இருப்பதோ ஒரு பிரதி, இரண்டு பிரதி. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்து, தங்களையும் வழக்கில் சேர்க்கும்படி மனுப் போட்டார்கள். ஆசிரியர்களும் கல்வியாளர்களும் இன்னொரு அமைப்பாகச் சேர்ந்தார்கள். அந்தத் தொகுப்புகளில் இடம்பெற்ற நூலாசிரியர்கள் பலரே, "எங்கள் எழுத்தை மாணவர்கள் படிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, வழக்கை வாபஸ் வாங்குங்கள்" என்று பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

2016 செப்டம்பர் 16-ஆம் தேதி நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவருடைய தீர்ப்பின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். பதிப்புரிமை என்பது கடவுள் கொடுத்த உரிமை இல்லை. கல்வி பெருக வேண்டும் என்பதற்காகச் சட்டம் கொடுத்த உரிமை. முன்பு மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதி எடுத்தார்கள், அது குற்றம் இல்லை. இயந்திரம் வந்ததாலேயே அது குற்றம் ஆகிவிடாது. பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வும், கற்பிப்பதற்காக ஆசிரியரும் மாணவரும் நகல் எடுப்பதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்ற அடிப்படையை ஏற்றது. எத்தனை பக்கம் என்பது கேள்வியில்லை, கற்பித்தலுக்குத் தேவையான அளவா என்பதே கேள்வி என்றது. அந்தத் தொகுப்புகள் அப்படித்தானா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன.

கைதட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்! இதற்கு எல்லை உண்டு. பாடத்துக்கு வேண்டிய பகுதியைத்தான் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. முழுப் புத்தகத்தையும் நகல் எடுத்து அட்டை போட்டு விற்பதைப் பேசவில்லை. நாவலைத் திருட்டுப் பதிப்பாக நடைபாதையில் விற்பதும், செல்போனில் பி.டி.எஃப் ஆக ஊருக்கெல்லாம் அனுப்புவதும் கல்வி ஆகாது. அதற்கு 63-ஆம் பிரிவு காத்திருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம்வரை அபராதம். இது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மேலும், டில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு சென்னையைக் கட்டுப்படுத்தாது. இங்கே எடுத்துக்காட்டலாம், நீதிபதி ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம்.

படிப்பவர் பக்கம் பேசிவிட்டேன். எழுதுகிறவர் பக்கமும் பேசாவிட்டால் நான் வக்கீலே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், 2017 வாக்கில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் ஆபீசுக்கு வந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். 2009-ல் இலக்கணக் கையேடு ஒன்று எழுதி ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். புத்தகம் பதிப்புமேல் பதிப்பாகப் போகிறது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வாங்குகிறார்கள். இவருக்கு அதற்குப் பிறகு ஒரு பைசா வரவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டேன் வக்கீல் சார், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எம் பேரையாவது அட்டையில பெரிசாப் போடச் சொல்லி ஒரு நோட்டீஸ் விடுங்க, போதும்" என்றார்.

"அந்தத் தாளைக் காட்டுங்க ஐயா" என்றேன். இரண்டே வரி. இந்தப் புத்தகத்தின் உரிமையை இன்னாருக்கு எழுதிக் கொடுக்கிறேன், தொகை பெற்றுக்கொண்டேன். எத்தனை ஆண்டுக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால், அது ஐந்து ஆண்டுக்குத்தான். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால், இந்தியாவுக்குள் மட்டும்தான். 1994-ல் செய்த திருத்தத்தில் வந்த விதிகள் இவை. ஆகவே 2014-லேயே அந்த உரிமை அவரிடம் திரும்பி வந்துவிட்டது. அவருக்கும் தெரியவில்லை, பதிப்பகத்துக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. நோட்டீஸ் அனுப்பினேன். எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவஸ்தர், பிரிவைப் படித்ததும் பேச வந்துவிட்டார். கோர்ட்டுப் படி ஏறவில்லை. விற்பனையில் பங்கு என்று புது ஒப்பந்தம் எழுதினோம். அவர் கேட்டது அட்டையில் பெயர். சட்டம் அவருக்கு வைத்திருந்தது அதைவிட அதிகம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தாளில் "பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும்" என்று ஒரு சொற்றொடர் இருந்திருந்தால், என்னால் இவ்வளவு சுலபமாக எதுவும் செய்திருக்க முடியாது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள். காலம், நாடு, தொகை, எந்தெந்த வடிவம் என்ற நான்கையும் பாருங்கள். நம் வீட்டில் சைக்கிள் வாங்கினால்கூட நாலு கடை ஏறி இறங்குகிறோம். அறிவை விற்கும்போது மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிறோம்.

சினிமாப் பாட்டுக்காரர்கள் கதையும் இதுதான். படத்துக்காக எழுதிய பாட்டுக்கும் போட்ட இசைக்கும் உரிமையாளர் தயாரிப்பாளரே என்ற பொருளில் 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அந்த அமர்வில் நீதிபதி கிருஷ்ணய்யர் இருந்தார். கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்து, பிறகு நீதிபதியானவர். சட்டம் இப்படி இருப்பதால் தீர்ப்பு இப்படி, ஆனால் பாடுகிறவனுக்கு ஒன்றும் இல்லையே, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்ற கருத்தில் தனியாக ஒரு குறிப்பு எழுதி வைத்தார். பாடகர்களுக்கும் கலைஞர்களுக்கும் 1994 திருத்தத்தில் உரிமை வந்தது. கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் அதற்காகச் சபையில் வாதாடினார். இன்று, தியேட்டரில் படத்தோடு ஓடுவது நீங்கலாக, அந்தப் பாட்டு வேறு வகையில் பயன்படும்போதெல்லாம் அவர்களுக்குச் சமபங்கு உண்டு. வாரிசுக்கோ, பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர, வேறு யாருக்கு அந்தப் பங்கை எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. வறுமையில் கையெழுத்துப் போட்டாலும் உரிமை போகாது என்று சட்டமே காவல் நிற்கிறது. நீதிமன்றம் சுட்டிக்காட்டியது 1977-ல், சட்டமன்றம் முடித்தது 2012-ல். முப்பத்தைந்து ஆண்டு. இடையில் எத்தனை கவிஞர்கள் போய்ச் சேர்ந்தார்கள்!

பணத்தைத் தாண்டியும் ஒரு உரிமை உண்டு. அதை 57-ஆம் பிரிவு சொல்கிறது. அமர்நாத் சேகல் என்ற சிற்பி டில்லி விஞ்ஞான் பவனில் பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒன்றைச் செய்து கொடுத்தார். 1979-ல் கட்டடத்தைச் சீரமைக்கிறோம் என்று அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். சிற்பம் சிதைந்தது. பணம் கொடுத்து வாங்கிய அரசு, தன் பொருளை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றது. அவர் 1992-ல் வழக்குப் போட்டார். 2005-ல் டில்லி உயர் நீதிமன்றம், மிச்சத்தைச் சிற்பியிடம் திருப்பிக் கொடு, ஐந்து லட்சம் இழப்பீடும் கொடு என்று அரசுக்கு உத்தரவிட்டது. எழுதியவர் நீதிபதி பிரதீப் நந்தரஜோக். ஜெராக்ஸ் வழக்கில் மாணவர்கள் பக்கம் நின்ற இருவர் அமர்விலும் அவர் இருந்தார். கலைஞனின் மானத்தைக் காத்த நீதிபதியே மாணவனின் படிப்பையும் காத்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சட்டம் படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் வழக்கில் கல்வியாளர்கள் அமைப்பை முன்னின்று நடத்தியவர் ஷம்னாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெரிய சட்டக் கல்லூரிகளில் சேரப் பயிற்சி தரும் இயக்கத்தையும் தொடங்கினார். 2019-ல் சிறு வயதிலேயே மறைந்துவிட்டார். வக்கீல் தொழிலில் கட்சிக்காரர் தருவது பீஸ். இப்படிச் சிலர் விட்டுப்போவதுதான் தொழிலுக்கு மரியாதை.

இன்னொன்று. நீதிமன்றத் தீர்ப்பை, நீதிமன்றம் தடுத்தாலொழிய, யாரும் அச்சிடலாம், படிக்கலாம். பதிப்பகத்தார் உழைத்துச் சேர்க்கும் தலைக்குறிப்புகளுக்குத்தான் அவர்கள் உரிமை கேட்கலாம், மூலத் தீர்ப்புக்கு அல்ல என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் ஆங்கிலத்தில் இருந்தால் எத்தனை பேர் படிப்பார்கள்? உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-ல் நம் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. அலகாபாத்திலும் பாட்னாவிலும் இந்திக்குக் கிடைத்த அனுமதி சென்னையில் தமிழுக்குக் கிடைக்கவில்லை. ஒரு ஆறுதல், 2023 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் பலவற்றின் தமிழாக்கம் இணையத்தில் இலவசமாக வருகிறது. அதையாவது படியுங்கள்.

புதிய கேள்விகளும் வந்துகொண்டே இருக்கின்றன. 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், தன் செய்திகளைக் கொண்டு இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுத்ததாக ஓப்பன் ஏ.ஐ. நிறுவனத்தின் மீது டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. இயந்திரம் படிப்பதும் மாணவன் படிப்பதும் ஒன்றா? இதை முடிவு செய்யப்போகிறவர்கள் இங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தலைமுறை. வக்கீலாக, நீதிபதியாக, எம்.பி.யாக.

கடைசியாக, இன்று சாயங்காலம் எடுக்கப்போகும் குரூப் போட்டோ யாருக்குச் சொந்தம் என்று நண்பர் கேட்டார். சங்கம் பணம் கொடுத்து எடுக்கச் சொல்வதால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை சங்கத்துக்கே. ஆளுக்கு ஒரு பிரதி இலவசமாகத் தர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து வழக்குத் தொடுக்கிறேன். செயலாளர் எதிர்வாதம் செய்ய மாட்டார் என்று நம்புகிறேன்.